எந்தக் கம்பெனி மானிட்டர் நல்லது? வேலை, கேம், ஆல்பம் டிசைன் மூன்றுக்கும் ஒன்றே போதுமா?

19 ஆகஸ்ட் 2025, கேரள எல்லையிலுள்ள பாறசாலையிலிருந்து வந்த கேள்வி

அண்ணே, பகலில் வீட்டிலிருந்தே டெக்னோபார்க் கம்பெனி வேலை. ராத்திரி கேம். தங்கச்சி கல்யாண ஆல்பம் டிசைன் பழகுகிறாள். மூன்றுக்கும் சேர்த்து 27 அங்குலத்தில் ஒரே மானிட்டர் வேண்டும். டெல், எல்ஜி, சாம்சங், பென்க்யூ, ஏசஸ், இதில் எது நல்ல கம்பெனி? டெல்தான் என்று என் கூட்டுக்காரன் அடித்துச் சொல்கிறான். ஓணத்துக்குத் திருவனந்தபுரத்தில் வாங்கவா, தீபாவளிக்கு மார்த்தாண்டத்தில் வாங்கவா?

19 ஆகஸ்ட், இரவு

மக்கா, கம்பெனி பெயரிலிருந்து தொடங்கினால் தேடல் முடியாது. முன்னால் ஒட்டியிருக்கும் பெயர் ஒன்று, உள்ளே இருக்கும் பேனல், அதாவது படம் காட்டும் தட்டு, இன்னொருவருடையது. எல்ஜி டிஸ்ப்ளே, ஏயுஓ, இன்னோலக்ஸ், பிஓஈ, சிஎஸ்ஓடி என்று விரல் விட்டு எண்ணக்கூடிய சிலர்தான் உலகத்துக்கே பேனல் செய்கிறார்கள். டெல் சொந்தமாகப் பேனல் செய்வதில்லை. சாம்சங்கின் டிஸ்ப்ளே நிறுவனம் 2022-இல் எல்சிடி உற்பத்தியையே நிறுத்திவிட்டது. இன்று சாம்சங் பெயரில் வரும் சாதாரண எல்சிடி மானிட்டருக்குள் இருப்பதும் வேறொருவர் பேனல்தான்.

அப்போ கம்பெனி எதைத் தருகிறது? ஸ்டாண்டு, மின்சாரப் பகுதி, தொழிற்சாலையில் நிறம் சரிபார்த்து அனுப்பும் அக்கறை, மெனு, வாரண்டி. இவை முக்கியம். ஆனால் ஒரே கம்பெனிக்குள்ளேயே அடிமட்ட விலைக்கும் மேல் விலைக்கும் இருக்கிற தூரம், இரண்டு கம்பெனிகளுக்கு நடுவே இருக்கிற தூரத்தைவிடப் பெரிது. உன் கூட்டுக்காரன் சொல்வது டெல்லின் அல்ட்ராஷார்ப் வரிசையாக இருந்தால் நானும் கூடவே தலையாட்டுவேன். கீழ்மட்ட மாடலாக இருந்தால் மாட்டேன்.

20 ஆகஸ்ட்

தங்கச்சி ஆல்பம் பழகுகிறாள் என்றதும் எனக்குத் தூக்கம் போனது. அதுதான் என் தொழில், எல்லையின் தமிழ்நாட்டுப் பக்கத்துக் களியக்காவிளையில். அதனால் இதை விரிவாகவே எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்து ஆல்பத்தில் பாதி கசவுப் புடவை. பாலராமபுரத்துக் கைத்தறியில் வரும் அந்தப் பழுப்பு வெள்ளையும் சரிகைக் கரையும் எந்த மானிட்டரையும் காட்டிக்கொடுத்துவிடும். (அந்தத் தறிகளைத் தொடங்கியவர்களே வள்ளியூர்ப் பக்கமிருந்து திருவிதாங்கூர் மன்னர் பாலராம வர்மா காலத்தில் கொண்டுபோய்க் குடியமர்த்தப்பட்ட சாலியர்கள். எனக்கு அதில் ஒரு பெருமை உண்டு.) மிச்சப் பாதி அரக்குப் பட்டு. இந்த இரண்டும் திரையில் சரியாகத் தெரிந்தால் மற்றவை பெரும்பாலும் சரியாக இருக்கும்.

பெட்டியிலிருந்து எடுத்தவுடன் பல மானிட்டர்கள் நீலம் கலந்த வெள்ளை காட்டும். கடையில் பளிச்சென்று தெரியவேண்டும் என்பதற்காக வைப்பது. வெள்ளைக்குப் பொதுவான இலக்கு 6500 கெல்வின், இவை அதற்கு மேலே போய் நிற்கும். அந்தத் திரையில் கசவு நீலமாகத் தெரிகிறது என்று டிசைனர் மஞ்சளைக் கூட்டுவார். பிரிண்ட் போடும் லேபிலிருந்து ஆல்பம் வரும்போது புடவை மஞ்சள் தண்ணீரில் முக்கியெடுத்த மாதிரி இருக்கும். பெண் வீட்டார் முகம் சுண்டிப்போவதைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த வலி தெரியும்.

இதற்கு நேர் எதிரான தொல்லையும் ஒன்று உண்டு. "95 சதவீதம் டிசிஐ-பி3" என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பார்கள். பி3 என்பது, பெரும்பாலான திரைகளுக்கும் படங்களுக்கும் பொதுவான எஸ்ஆர்ஜிபி என்ற நிறப்பரப்பைவிட ஏறத்தாழ கால் பங்கு அகலமானது. வீடியோவுக்கு அருமை. ஆனால் நாம் படம் அனுப்பும் லேப்கள் பெரும்பாலும் எஸ்ஆர்ஜிபி கோப்புதான் கேட்கின்றன. நிறத்தைக் கட்டுப்படுத்தாமல் அந்த அகலத் திரையில் வேலை செய்தால் முகமெல்லாம் சிவந்து தெரியும். அதைக் குறைப்பாய். பிரிண்டில் மாப்பிள்ளை வெளிறிப்போய் நிற்பார்.

ஆக, தங்கச்சிக்குத் தேவை மூன்று. ஐபிஎஸ் பேனல் (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத வகை), எஸ்ஆர்ஜிபி முழுமையாக, மெனுவில் தனியாக ஒரு எஸ்ஆர்ஜிபி மோடு. அந்த மோடில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க முடிகிறதா என்று கடையிலேயே அழுத்திப் பார்க்கவும். சில மாடல்களில் அது பூட்டிக்கிடக்கும், அப்புறம் அந்த மோடே பயன்படாது.

21 ஆகஸ்ட்

"27 அங்குலத்தில் 1080 விலை குறைவு, போதாதா?" என்று பாறசாலைத் தம்பி தனியாகக் கேட்டிருக்கிறான்.

போதாது. 1080, 1440 என்பது திரையில் மேலிருந்து கீழாக எத்தனை பிக்ஸல் என்ற எண். 27 அங்குலத்தில் 1080 என்றால் ஒரு அங்குலத்துக்கு ஏறக்குறைய 82 பிக்ஸல். 1440 என்றால் 109. 4கே என்றால் 163. ஆங்கிலத்தில் புரோகிராம் மட்டும் பார்ப்பவர் 82-ஐச் சகித்துக்கொள்ளலாம். தமிழ் எழுத்தில் மெய்யெழுத்தின் புள்ளி கரைந்துபோகும், ணகரத்தின் சுழி அடைத்துக்கொள்ளும். மலையாள எழுத்தும் வளைவுதான், அதே கதி. ஆல்பத்தின் முதல் பக்கத்தில் மணமக்கள் பெயரைப் பிழையில்லாமல் வைக்கவேண்டிய பெண்ணுக்கு இது சின்ன விஷயமில்லை. 1080-தான் பட்ஜெட் என்றால் 24 அங்குலத்தோடு நில்.

24 ஆகஸ்ட்

இன்று கேம். நான் பெரிய ஆட்டக்காரன் இல்லை, ஆனால் அண்ணன் மகன் ஆடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறவன்.

60 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 60 படம் என்றால், ஒரு படம் 16.7 மில்லிநொடி நிற்கும். 144-இல் 6.9. 240-இல் 4.2. முதல் தாவலில் மிச்சமாவது பத்து மில்லிநொடி, இரண்டாவதில் மூன்றுகூட இல்லை. அதனால் 60-லிருந்து 144-க்குப் போனவன் திரும்பி வரமாட்டான். 144-லிருந்து 240-க்குப் போனவன் காசைப் பற்றி யோசிப்பான். போட்டிக்கு ஆடுகிறவர்கள் கணக்கு வேறு.

பெட்டியில் "1 மில்லிநொடி" என்று எழுதியிருப்பதை அப்படியே நம்பவேண்டாம். அது எப்படி அளந்தது என்று பார். எம்பிஆர்டி என்று சின்ன எழுத்தில் இருந்தால், பின்விளக்கை அணைத்து அணைத்துப் போட்டுக் கிடைக்கும் எண் அது. வெளிச்சமும் குறையும். நிறம் மாறும் வேகம் என்பது வேறு.

சாம்சங்கின் கேம் வரிசையான ஒடிசியில் வளைந்த விஏ பேனல்கள் பிரபலம், விஏ என்பது ஐபிஎஸ் போல இன்னொரு பேனல் வகை. விஏ-வில் கருப்பு நன்றாக இருக்கும், சாதாரண ஐபிஎஸ்ஸின் மாறுபாடு (வெள்ளைக்கும் கருப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம்) 1000-க்கு 1 என்றால் விஏ-வில் 3000-க்கு 1 வரும். இருட்டு அறையில் பேய்க் கதை ஆட அதுதான் சுகம். ஆனால் மலிவு விஏ-வில் இருண்ட இடங்களில் உருவம் நகரும்போது பின்னால் கருப்பு இழுபடும். அதோடு, வளைந்த திரையில் தங்கச்சி ஆல்பப் பக்கத்துக்கு நேர்கோடு போட்டால் கோடு நேரா இல்லையா என்று கண்ணுக்குச் சந்தேகம் வந்துகொண்டே இருக்கும். உங்கள் வீட்டுக்குத் தட்டைத் திரைதான்.

கிராபிக்ஸ் கார்டு படம் அனுப்பும் வேகத்தோடு திரையை ஒத்துப்போக வைக்கும் ஃப்ரீசிங்க், ஜி-சிங்க் பற்றிக் கவலை வேண்டாம். 2019 ஜனவரியில் என்விடியா தன் கார்டுகளை ஃப்ரீசிங்குக்கு அடிப்படையான அடாப்டிவ்-சிங்க் திரைகளுக்கும் திறந்துவிட்டது.

25 ஆகஸ்ட்

விட்டுப்போனது: வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதலாகக் காட்டும் என்று போடுகிற எச்டிஆர் 400 என்ற சின்னத்துக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்காதே. அந்தத் தரத்துக்குப் பின்விளக்கைப் பகுதி பகுதியாக அணைக்கும் வசதி இருக்கவேண்டும் என்ற கட்டாயமே இல்லை.

28 ஆகஸ்ட்

செங்கோட்டையிலிருந்து ஒரு அக்கா, கட்டட வரைபடம் போடுகிறவர், எழுதியிருக்கிறார். ஏசஸ் ப்ரோஆர்ட்டில் 24.1 அங்குலம், 1920-க்கு 1200 வைத்திருக்கிறாராம். உயரம் கொஞ்சம் கூடுதல் என்பதால் வரைபடமும் கருவிப்பட்டையும் நெரிபடாமல் இருக்கின்றன, "எல்லாரும் 27, 27 என்று ஓடுகிறீர்கள்" என்கிறார்.

அக்கா சொல்வதில் எனக்கு முழுச் சம்மதம். 16-க்கு 10 என்ற விகிதம் புரோகிராம் எழுதுகிறவர்களுக்கும் நல்லது. மேசை ஆழம் குறைந்த வீட்டில் 27 அங்குலம் முகத்துக்கு நேரே வந்து நிற்கும். தம்பி, முதலில் உன் மேசையை அளந்து சொல். திரையிலிருந்து உன் கண் வரை ஒரு கை நீட்டும் தூரமாவது இருக்கவேண்டும்.

அறையையும் சொல். சுவர் என்ன நிறம்? எங்கள் ஊரில் கிளிப்பச்சையும் ரோஸும் அடித்த அறைகள் அதிகம். ட்யூப்லைட் வெளிச்சம் அந்தச் சுவரில் பட்டுத் திரைமேலும் கண்மேலும் விழும். பிரிண்ட் வேலைக்கான விலை உயர்ந்த பென்க்யூ எஸ்டபிள்யூ மானிட்டர் வாங்கிப் பச்சை அறையில் வைத்தால் அந்தப் பணம் வீண். திரைக்குப் பின்னாலுள்ள சுவரையாவது வெளிர் சாம்பல் அடித்துவிடு. ஜன்னல் உனக்குப் பின்னாலும் வேண்டாம், முன்னாலும் வேண்டாம், பக்கவாட்டில் இருக்கட்டும்.

1 செப்டம்பர்

ஓணத்துக்கு இன்னும் நான்கு நாள், "எந்தப் பக்கம் விலை குறைவு?" என்று பலரும் கேட்கிறார்கள். அந்தக் காலத்துக் கதை வேறு. கேரளப் பக்கத்து அமரவிளை செக்போஸ்ட்டில் லாரிகள் வரிசையில் நின்ற நாட்களில் இரண்டு பக்கமும் இரண்டு வரி. 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்தபின் வரி இரண்டு பக்கமும் ஒன்றே. நடுவில் 2019 ஆகஸ்ட் முதல் 2021 ஜூலை வரை கேரளம் வெள்ள நிவாரணத்துக்காக ஒரு சதவீத செஸ் போட்டது. அப்போது அங்கிருந்து இங்கே வந்து வாங்கியவர்கள் உண்டு. இப்போது அதுவும் இல்லை. இனி கடைக்காரர் தருகிற தள்ளுபடி மட்டும்தான் வித்தியாசம். ஓணத்துக்கு அந்தப் பக்கம், தீபாவளிக்கு இந்தப் பக்கம்.

4 செப்டம்பர்

நேற்று ஜிஎஸ்டி கவுன்சில் 22-ஆம் தேதி முதல் வரும் புது வரியை அறிவித்ததும் "மானிட்டர் விலை பத்து சதவீதம் இறங்கும், 22-ஆம் தேதி வரை பொறு" என்று ஒருவர் எழுதிவிட்டார், தம்பியும் ஓணம் ஆஃபரை விட்டுவிட நினைக்கிறான். அது உன் கணக்கில் வராது. 28-லிருந்து 18-க்கு இறங்குவது 32 அங்குலத்துக்கு மேற்பட்டவை. 32 வரையுள்ள மானிட்டர்களுக்கு 2019 ஜனவரி முதலே 18 சதவீதம்தான். 34 அங்குல அகலத் திரை வாங்க நினைப்பவர்கள் கட்டாயம் பொறுக்கவேண்டும். 27 வாங்குகிறவர் பொறுத்து ஒன்றும் கிடைக்காது.

11 செப்டம்பர்

தம்பி ஓணத்துக்கு வாங்கவில்லை. பிடித்த மாடல் கடையில் இல்லையாம். நல்லதுதான், வாரண்டி பற்றி எழுத நேரம் கிடைத்தது.

எல்லையில் குடியிருப்பவர்களுக்கு இது தனிப் பாடு. என் பழைய மானிட்டர் ஒன்றில் ஓரமாக ஒரு கோடு விழுந்தது. கம்பெனி பெயர் வேண்டாம். பில் திருவனந்தபுரத்துக் கடையில் போட்டது, வீடு தமிழ்நாட்டில். அங்கே கூப்பிட்டால் "உங்கள் பின்கோடு எங்கள் பகுதியில்லை, நாகர்கோவிலைக் கேளுங்கள்" என்றார்கள். நாகர்கோவிலில் "பில் கேரளத்தில் போட்டதல்லவா" என்றார்கள். ஒரு பருவமழை முழுக்க அந்தக் கோடோடு வேலை செய்தேன். அதனால் வாங்கும் முன் வாடிக்கையாளர் எண்ணைக் கூப்பிட்டு உன் பின்கோடைச் சொல், வீட்டுக்கு ஆள் வருவாரா, நாம் தூக்கிக்கொண்டு போகவேண்டுமா என்று கேள். இரண்டும் ஒன்றல்ல. 27 அங்குலப் பெட்டியை பஸ்ஸில் ஏற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

பிக்ஸல் பற்றியும் கேள். ஓரிரண்டு புள்ளி செத்திருந்தால் மாற்றித்தர மாட்டோம் என்பது பல கம்பெனிகளின் நிபந்தனை. டெல் அல்ட்ராஷார்ப்பில் ஒரே ஒரு புள்ளி அணையாமல் எரிந்தாலும் மாற்றித் தருவதாக வாக்கு உண்டு. கடையிலேயே சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை, கருப்பு என்று முழுத்திரைப் படங்களைப் போனில் கொண்டுபோய் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் காசைக் கொடு.

17 செப்டம்பர்

சரி, கம்பெனி பெயர்களை விட்டுவிட்டு எவ்வளவு நாள்தான் பேசுவது என்று எல்லாரும் கேட்கிறீர்கள். என் மனதில் இருப்பதைச் சொல்கிறேன், மாடல் பார்க்காமல் இதை மட்டும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போகாதீர்கள்.

அலுவலக வேலை மட்டும் என்றால் டெல். அல்ட்ராஷார்ப்பின் ஸ்டாண்டு ஏறும், இறங்கும், திரும்பும், ஆண்டுக்கணக்கில் தளராது. 2022-இல் வந்த யு2723க்யூஇ-யில் ஐபிஎஸ் பிளாக் பேனல், கருப்பு கூடுதலாகக் காட்டும் ஐபிஎஸ், மாறுபாடு 2000-க்கு 1. ஒரே டைப்-சி வயரில் படமும் சார்ஜும் போகும். விலைதான் நம் தம்பியின் பட்ஜெட்டைத் தாண்டும். 60 ஹெர்ட்ஸ் என்பதால் ராத்திரி ஆட்டத்துக்கும் ஆகாது.

பிரிண்டுக்கே வாழ்கிறவர்களுக்கு பென்க்யூவின் எஸ்டபிள்யூ வரிசை. எஸ்ஆர்ஜிபியைவிட அகலமான அடோபி ஆர்ஜிபி நிறப்பரப்பு, நிறத் திருத்தத்தை மானிட்டருக்குள்ளேயே சேமிக்கும் வசதி, சில மாடல்களில் வெளிச்சம் மறைக்கும் கூடாரமும் கூட வரும். அதற்கும் மேலே ஐசோ (EIZO) கம்பெனியின் கலர்எட்ஜ், நான் ஒரு பெரிய லேபில் தொட்டுப் பார்த்ததோடு சரி. புதிதாகப் பழகும் பெண்ணுக்கு இவை இப்போது வேண்டாம்.

பணத்துக்கு நிறம் என்றால் ஏசஸ் ப்ரோஆர்ட் பிஏ278க்யூவி. 27 அங்குலம், 1440, எஸ்ஆர்ஜிபி நூறு சதவீதம், நிறப் பிழையின் அளவான டெல்டா ஈ இரண்டுக்குள் என்று சரிபார்த்த தாளோடு வரும். என் மேசையில் இருப்பது இதுதான், இதன் மேல் எனக்குப் பாசம் உண்டு. 75 ஹெர்ட்ஸ் மட்டும்.

கேமும் நிறமும் ஒன்றாக வேண்டும் என்றால் எல்ஜி அல்ட்ராகியரின் 1440 ஐபிஎஸ் மாடல்கள். வேகமும் உண்டு, நிறமும் கையில் அடங்கும். சில மாடல்களில் ஸ்டாண்டுதான் சுமார். கிகாபைட் எம்27க்யூ-வில் கேவிஎம் பொத்தான் இருக்கிறது, ஒரே கீபோர்டு, மவுஸை வைத்து பகலில் ஆபீஸ் லேப்டாப், ராத்திரி சொந்தக் கம்ப்யூட்டர் என்று மாற்றிக்கொள்ளலாம். தம்பிக்கு இது உண்மையான சௌகரியம். ஆனால் அதன் முதல் பதிப்பில் ஒவ்வொரு பிக்ஸலுக்குள்ளும் இருக்கும் துணைப் பிக்ஸல்கள் சிவப்பு-பச்சை-நீலம் என்றில்லாமல் தலைகீழ் வரிசையில் இருந்தன, எழுத்தின் ஓரத்தில் நிறம் பிரிந்து தெரியும். பழைய ஸ்டாக் கொடுக்கிறார்களா என்று பார்.

ஏசர், வியூசோனிக், எம்எஸ்ஐ எல்லாவற்றிலும் நல்ல மாடல்கள் உண்டு. நான் நீண்ட நாள் பழகாததைப் பற்றி அதிகம் பேசமாட்டேன்.

29 செப்டம்பர்

ஒவ்வொரு பிக்ஸலும் தானே ஒளிரும் ஓஎல்ஈடி திரையை ஏன் சொல்லவில்லை என்று கேட்ட குழித்துறைக்காரருக்கு: கருப்பு என்றால் அதுதான் கருப்பு. 2022-இல் ஏலியன்வேர் 34 அங்குல க்யூடி-ஓஎல்ஈடி வந்ததிலிருந்து கேம் திரைகளின் போக்கே மாறிவிட்டது. கேமும் சினிமாவும் மட்டும் என்றால், காசும் இருந்தால், யோசிக்காமல் வாங்குங்கள். பகல் முழுக்க ஒரே டாஸ்க்பார், ஒரே எடிட்டர் ஓரக்கோடு நிற்கும் மேசைக்கு எனக்கு மனம் வரவில்லை. நிலையாக நிற்கும் படம் காலப்போக்கில் தடம் விட்டுவிடும். துணைப் பிக்ஸல் அமைப்பு வேறாக இருப்பதால் சின்ன எழுத்தின் ஓரமும் கொஞ்சம் பிசிறும். எங்கள் வேலையில் நாள் முழுக்க ஒரே மெனுதான் திரையில்.

13 அக்டோபர்

தம்பி வாங்கிவிட்டான். மார்த்தாண்டத்தில், தீபாவளிக் கழிவில், அல்ட்ராகியர் 27 அங்குலம், 1440, 180 ஹெர்ட்ஸ், ஐபிஎஸ். "ஆபீஸ் லேப்டாப்பில் 60 மேலே போகவில்லை" என்று பதறிக் கூப்பிட்டான். லேப்டாப்பின் எச்டிஎம்ஐ பழைய 1.4, அதில் அவ்வளவுதான் வரும். புரோகிராம் எழுத 60 போதும். சொந்தக் கம்ப்யூட்டருக்கு டிஸ்ப்ளேபோர்ட் வயரைப் போடு, விண்டோஸ் செட்டிங்ஸில் போய் 180-ஐ நீயே தேர்ந்தெடு. தானாக மாறாது. பிக்ஸல் மாறும் வேகத்தைக் கூட்டும் ஓவர்டிரைவை உச்சத்தில் வைக்காதே, நடுவில் வை, உச்சத்தில் வைத்தால் உருவத்துக்குப் பின்னால் வெள்ளை நிழல் வரும்.

19 அக்டோபர்

தங்கச்சியின் முதல் பிரிண்ட் இருட்டாக வந்திருக்கிறது. நிறம் சரி, சர்ச்சுக்குள் எடுத்த படங்களெல்லாம் மட்டும் கருத்துவிட்டன. அவள் லேபைத் திட்டுகிறாள். லேப் மேல் தப்பில்லை அம்மா. அண்ணன் கேமுக்கு வெளிச்சத்தை உச்சத்தில் வைத்திருக்கிறான், நீ அதே திரையில் படத்தைப் பார்த்து "வெளிச்சம் போதும்" என்று விட்டுவிட்டாய். காகிதம் தானாக ஒளி விடாது. பிரிண்ட் வேலைக்கு 80 முதல் 120 நிட் (திரை வெளிச்சத்தின் அளவு) போதும், உச்சம் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. மானிட்டர் நினைவில் இரண்டு அமைப்பு வைத்துக்கொள்ளுங்கள்: ஆட்டத்துக்கு ஒன்று, எஸ்ஆர்ஜிபி மோடில் வெளிச்சம் குறைத்து உனக்கு ஒன்று. லேபிலிருந்து வந்த பிரிண்டை ட்யூப்லைட்டுக்குக் கீழே திரைக்குப் பக்கத்தில் பிடித்து, இரண்டும் ஒத்துப்போகும் வரை வெளிச்சத்தைக் குறைத்துப் பார். வேலை தொடங்கும் முன் திரை அரை மணி நேரம் எரியட்டும்.

நிறம் அளக்கும் ஸ்பைடர் கருவி என்னிடம் இருக்கிறது. களியக்காவிளைக்கு வரும்போது கேள், தருகிறேன். தனியாக வாங்காதே, பக்கத்து ஸ்டுடியோக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து ஒன்று வைத்துக்கொண்டால் போதும்.

26 அக்டோபர்

துலாம் பிறந்துவிட்டது. மத்தியானம் மூன்று மணிக்கு மேல் இடி தொடங்கிவிடுகிறது. மானிட்டர் பிளக்கை மட்டும் உருவிவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள், அதனால் எழுதுகிறேன். மின்னல் கரண்ட் வயரில் மட்டும் வருவதில்லை. இன்டர்நெட் செம்பு வயரிலும் வந்து, ரவுட்டரைத் தாண்டி, லேன் வயர் வழியாகக் கம்ப்யூட்டருக்குள் புகுந்து, எச்டிஎம்ஐ வழியாக மானிட்டரைக் கொல்லும். இடி தொடங்கும் முன்பே லேன் வயரையும் உருவு. சர்ஜ் பாதுகாப்புப் பலகை வாங்கியவர்கள் வீட்டில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். எர்த் இல்லாமல் அந்தப் பலகை முழுப் பாதுகாப்பு தராது. பழைய வீடுகளில் மூன்றாவது ஓட்டை சும்மா இருக்கும், வயரே போயிருக்காது. தம்பி, உங்கள் வீடு ஓட்டு வீடு என்றாயே, இந்த வாரமே பார்த்துவிடு.